பழைய பாக்கி முதல் வாரத்தில் வந்து உட்கார்ந்த கதை

போன வருஷம் சித்திரைக் கொடைக்கு, அதாவது எங்கள் அம்மன் கோயில் திருவிழாவுக்கு, இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் ஒரு ஏ4 தாளைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாளை ஒட்டியது நான். அதிலிருந்த வரி வசூல் சார்ட்டைப் போட்டதும் நான்தான்.

"ஏட்டி, இங்க வா. இட்லிக்காரச் சந்துல இந்த வாரம் வெறும் பதினொண்ணா?" என்றார் பெரியப்பா. அவர்தான் பொருளாளர்.

பக்கத்தில் அண்ணாச்சி நின்றார். இட்லிக்காரச் சந்துக்கு வரி பிரிப்பவர் அவர். முகம் சிவந்திருந்தது. "எம்மா, இன்னைக்குச் சாயங்காலம் இருபத்தோராயிரத்து ஐந்நூறு ரூவாய எண்ணி உங்க பெரியப்பா கையில குடுத்திருக்கேன். சீட்டுல பதினோராயிரம்னு போட்டிருக்கு. மிச்சத்த நான் தின்னுட்டேனா?"

மும்பை தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் பகுதி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம். ஊர் வழக்கப்படி அம்மனுக்கு வருஷா வருஷம் கொடை உண்டு. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி பேசி முடிவாகும். ஆனால் யாரும் மொத்தமாகக் கொடுப்பதில்லை. ஞாயிறுதோறும் ஐந்நூறு, ஆயிரம் என்று வந்து சேரும். வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு ஊரிலிருந்து வர டிக்கெட் போட வேண்டும், பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் முன்பணம் கொடுக்க வேண்டும். அதனால் எந்த வாரம் எவ்வளவு வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தாக வேண்டிய விஷயம். கோயில் சந்து, பம்ப் சந்து, டேங்க் சந்து, இட்லிக்காரச் சந்து என்று நான்கு சந்து. நான்கு பேர் பிரிக்கிறார்கள். நான்கு பேரும் தனித்தனியாக எக்செல் கோப்பு வைத்திருந்தார்கள்.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். நான் சக்காலாவில் ஒரு அலுவலகத்தில் எம்ஐஎஸ் வேலை, அதாவது நிர்வாகத்துக்கு அறிக்கை தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். மாஹிமில் லோக்கல் பிடித்து, அந்தேரியில் இறங்கி, மெட்ரோ ஏறி, நாள் முழுக்க மற்றவர்கள் கோப்புகளிலிருந்து என் கோப்புக்கு எண்களை இழுத்துக்கொண்டு வருவதுதான் பிழைப்பு. நான்கு கோப்பைப் பார்த்ததும் கை அரித்தது. "நாலையும் சேத்து ஒரே சார்ட்டா போட்டுக் கோயில் வாசல்ல ஒட்டிடுறேன் பெரியப்பா. நீங்க ஒண்ணுமே எழுத வேண்டாம், தானா மாறும்" என்றேன். அந்தத் 'தானா' என்ற சொல்லுக்குத்தான் பிறகு அனுபவித்தேன்.

செய்தது இதுதான். நான்கு கோப்பையும் திறந்து வைத்துக்கொண்டேன். ஐந்தாவதாக ஒரு புதுக் கோப்பில் பார் சார்ட் போட்டேன். சார்ட்டில் தரவைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி வருமல்லவா, அங்கே கர்சரை வைத்துவிட்டு, அண்ணாச்சியின் கோப்புக்குப் போய் பி2 முதல் பி9 வரை, அதாவது பி பத்தியில் இரண்டாவது வரியிலிருந்து ஒன்பதாவது வரி வரை, இழுத்துவிட்டேன். எட்டு வாரம், எட்டுச் செல் (கட்டம்). மற்ற மூன்றுக்கும் அதே போல. எக்செல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டது. சார்ட்டில் ஒரு பாரைத் தொட்டால் மேலே ஃபார்முலா பட்டையில் சீரிஸ் என்று தொடங்கும் ஒரு ஃபார்முலா தெரியும். அதற்குள் நான்கு சங்கதி: பெயர், கீழே வரும் தலைப்புகள், எண்கள், எத்தனையாவது இடம். எண்கள் இருக்கும் இடத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் அண்ணாச்சியின் கோப்புப் பெயர், அதன் ஷீட், அப்புறம் பி2 முதல் பி9. கோப்பு திறந்திருக்கும்போது பெயர் மட்டும் இருக்கும். மூடிவிட்டால் சி டிரைவில் தொடங்கி முழு விலாசமும் வந்து நிற்கும்.

கவனியுங்கள்: அந்த ஃபார்முலாவுக்கு 'எட்டாவது வாரம்' என்றால் என்னவென்று தெரியாது. அதற்குத் தெரிந்தது பி9 என்கிற ஒரு வீட்டு எண் மட்டும்தான். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று அது கதவைத் தட்டிக் கேட்காது.

முதல் கோளாறு ஐந்தாவது வாரம் வந்தது. அது சில்லறை. நால்வரும் ஞாயிறு மாலை கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். நான் லேப்டாப்பில் இறக்கிக்கொள்வேன். ஏற்கெனவே அதே பெயரில் கோப்பு இருந்தால் பிரவுசர் என்ன செய்யும்? பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 என்று போட்டுப் புதிதாக ஒன்றை வைக்கும். என் சார்ட்டோ பழைய பெயரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது வாரத்தில் டேங்க் சந்துக்குப் பார் எழும்பவே இல்லை. வெற்றிடம். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஃபோல்டரைத் திறந்தால் ஒரே பெயரில் அண்ணன் தம்பி போல இரண்டு கோப்பு. பழையதை அழித்து, புதியதற்கு அதன் பெயரை வைத்தேன். தீர்ந்தது. அந்தத் தெம்பில் எட்டாவது வாரம் வரை ஓட்டிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி கோயில் வாசலில் முதலில் எனக்கும் அதே சந்தேகம்தான். பழைய கோப்பாக இருக்கும் என்று லேப்டாப்பை எடுத்து வந்து படியிலேயே உட்கார்ந்து பார்த்தேன். இல்லை, புதுக் கோப்புதான். திறந்து பார்த்தால் இருபத்தோராயிரத்து ஐந்நூறு அழகாக இருக்கிறது. என் சார்ட்டில் மட்டும் பதினோராயிரம். எங்கிருந்து வந்தது இந்தப் பதினோராயிரம்?

பதில் சுவரிலேயே இருந்தது. நான் போன வாரத் தாளைக் கிழிக்காமல் அதன்மேலேயே புதுத் தாளை ஒட்டியிருந்தேன். பெரியப்பா நகத்தால் ஒரு ஓரத்தைக் கிளப்பி மேல் தாளைத் தூக்கிப் பிடித்தார். கீழே போன வாரத்துச் சார்ட். அதில் இட்லிக்காரச் சந்துக்கு ஏழாவது வாரம் 11,000. மேல் தாளில் அதே 11,000 எட்டாவது வாரத்தில். கீழே ஆறாவது வாரம் 8,000, மேலே அது ஏழாவதில். ஒவ்வொன்றாகப் பின்னால் போய்ப் பார்த்தோம். ஐந்தாவது வாரத்து 12,500 ஆறாவதில். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி தள்ளி உட்கார்ந்தது போல எல்லாப் பாரும் வலது பக்கம் ஒரு இடம் நகர்ந்திருந்தது. முதல் வாரத்தில் மட்டும் யாரும் பார்த்திராத ஒரு 4,500.

"நாலாயிரத்து ஐந்நூறா?" என்று அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "அது போன வருஷத்துப் பழைய பாக்கில்லா? நேத்துதான் ஞாபகம் வந்து மேல ஒரு வரி சேத்தேன்."

விளங்கிவிட்டது. தலைப்புக்குக் கீழே ஒரு வரியை நுழைத்து 'பழைய பாக்கி 4,500' என்று எழுதியிருக்கிறார். முதல் வாரம் மூன்றாவது வரிக்குப் போய்விட்டது. எட்டாவது வாரம் பத்தாவது வரிக்கு. என் சார்ட் பி2 முதல் பி9 வரை மட்டும் பார்க்கும், அதனால் இருபத்தோராயிரம் அதன் கண்ணில் படவே இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கோப்பும் ஒரே கணினியில், ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது வரியை நுழைத்திருந்தால் எக்செல் தானாகவே பி3 முதல் பி10 என்று திருத்திக்கொண்டிருக்கும். அண்ணாச்சி நுழைத்தது அவர் வீட்டில், அவர் லேப்டாப்பில். என் கோப்பு அப்போது என் பையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு யார் போய்ச் சொல்வது? பிறகு புதுக் கோப்பைக் கொண்டுவந்து வைத்தாலும், அது பழைய வீட்டு எண்ணுக்கே போய்க் கதவைத் தட்டும்.

லிங்க் அறுந்தால் நல்லது என்று அன்றைக்குத் தோன்றியது. அறுந்தால் பிழை காட்டும், வெற்றிடம் காட்டும், மனிதர்கள் கவனிப்பார்கள். நகர்ந்தால்தான் ஆபத்து. பாரெல்லாம் ஒழுங்காக நிற்கும், நிறம் அதே நிறம், எண்ணும் நம்பத் தகுந்த எண். ஒரு நேர்மையான மனிதர் கோயில் வாசலில் நின்று 'நான் தின்னுட்டேனா' என்று கேட்க வேண்டிவரும்.

அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். பேனாவால் தாளிலேயே திருத்தினேன். வீட்டுக்குப் போய்த் தூக்கம் வரவில்லை. அந்த எண்கள் என் கோப்பில் எங்கேதான் உட்கார்ந்திருக்கின்றன என்று பார்க்கத் தோன்றியது. 2007 ஆஃபீஸிலிருந்து வரும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தேன். உள்ளே சார்ட்டுக்கென்று ஒரு ஃபோல்டர். அதிலிருக்கும் எக்ஸ்எம்எல் என்ற எழுத்துக் கோப்பை நோட்பேடில் திறந்தால், அண்ணாச்சி கோப்பின் ஷீட் பெயர், பி2 முதல் பி9, அதற்கு அடுத்தபடியாக 4500, 6000, 7500 என்று எட்டு எண்களும் அப்படியே எழுதியிருக்கின்றன. கடைசியாகப் பார்த்ததை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. அண்ணாச்சி கோப்பையே அழித்துவிட்டாலும் என் சார்ட் இந்த மனப்பாடத்தை வைத்துப் பாரை எழுப்பி நிற்கும். கோப்பைத் திறக்கும்போது 'லிங்க்குகளைப் புதுப்பிக்கவா' என்று எக்செல் கேட்கிறதே, வேண்டாம் என்றால் வருவது இந்த மனப்பாடம்தான். பெரியப்பா எப்போதும் வேண்டாம் என்றுதான் அழுத்துவார். வைரஸ் வந்துவிடுமாம்.

பக்கத்திலேயே வெளி லிங்க்குகளுக்கென்று இன்னொரு ஃபோல்டர். அதில் என் லேப்டாப்பின் முழு விலாசமும் இருந்தது. என் பெயர், ஃபோல்டரின் பெயர், எல்லாம். கோப்பை யாருக்காவது அனுப்பினால் இதுவும் கூடவே போகும்.

அலுவலகத்தில் இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். எங்கே என்று சொல்ல மாட்டேன். எக்செல் சார்ட்டைக் காப்பி செய்து பவர்பாயிண்டில் ஒட்டும்போது, லிங்க்காக ஒட்டலாம், இல்லையென்றால் கோப்பையே உள்ளே பொதிந்து ஒட்டலாம். படமாக ஒட்டவும் வழி உண்டு. ஒட்டும்போது ஒரு குட்டிப் பட்டன் வரும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. கூட வேலை பார்த்த ஒருவர் 'லிங்க் இருந்தால் எதிர்ப்பக்கம் திறக்காது' என்று பொதிந்து ஒட்டி, வெளி ஆட்களுக்கு அனுப்பிவிட்டார். சார்ட் ஒன்றுதான். ஆனால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து தரவைத் திருத்து என்று போனால் மொத்தக் கோப்பும் திறக்கிறது. அதில் மூன்றாவது ஷீட், ஒரு டீமின் இன்சென்டிவ் பட்டியல். அவரைத் திட்டினார்கள். அந்தப் பட்டன் என்ன செய்யும் என்று அதற்கு முன்னால் யாராவது அவருக்குச் சொல்லியிருந்தார்களா என்பதைக் கேட்க ஆள் இல்லை.

சரி, கோயிலுக்கு வருவோம்.

அடுத்த ஞாயிறுக்குள் திருத்த வேண்டும். முதலில் தோன்றியது, அண்ணாச்சியின் கோப்பிலேயே அந்த எட்டுச் செல்லுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டு, சார்ட்டில் பி2 முதல் பி9 என்பதற்குப் பதில் அந்தப் பெயரைக் கொடுப்பது. பெயர் அவர் கோப்பிலேயே இருப்பதால் அவர் மேலே வரி சேர்த்தால் பெயரும் கூடவே கீழே இறங்கும். நல்ல வழிதான். ஆனால் ஒன்பதாவது வாரத்தை அடியில் சேர்த்தால் பெயர் தானாக நீளாது. எக்செலின் 'டேபிள்' என்ற அட்டவணையாக மாற்றினால் நீளும், ஆனால் அட்டவணையை அதன் பெயரால் சுட்டும் ஃபார்முலா அந்தக் கோப்பு மூடியிருந்தால் ரெஃப் பிழை காட்டும், சுட்டிய இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒன்று சரியானால் ஒன்று இடிக்கிறது.

பவர் குவெரி என்று ஒன்று உண்டு. எக்செல் 2016 முதல் உள்ளேயே வருகிறது. ஒரு ஃபோல்டரைக் காட்டிவிட்டால் அதிலுள்ள கோப்புகளை எல்லாம் படித்து ஒன்றாக அடுக்கித் தரும். அலுவலகத்தில் அதுதான் என் வலது கை. இங்கே அதை எடுக்கப் பயந்தேன். ஏன் தெரியுமா? வாட்ஸ்அப்பிலிருந்து இறங்கும் அந்த அடைப்புக்குறி 1 கோப்பு. ஃபோல்டரில் அது தவறிக் கிடந்தால் பவர் குவெரி பழையது, புதியது இரண்டையும் படித்து ஒரே தொகையை இரண்டு முறை கூட்டிவிடும். குறைத்துக் காட்டினதுக்கே இவ்வளவு சத்தம். கூட்டிக் காட்டினால் வில்லுப்பாட்டுக்காரருக்கு இல்லாத பணத்தில் டிக்கெட் போட்டிருப்போம்.

கடைசியில் வழி காட்டியது பம்ப் சந்து தம்பியின் பழைய லேப்டாப். அதில் எக்செல் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸ்தான் ஓடும். அதில் எக்செலுக்கு ஈடான கால்க்கில் சார்ட் போடும்போது வேறொரு கோப்பின் செல்களைக் காட்டவே முடியாது. அந்தக் கோப்புக்குள் இருக்கும் செல்களிலிருந்துதான் சார்ட். வெளியிலிருந்து வேண்டுமென்றால் முதலில் வெளித் தரவை லிங்க் செய்து நம் ஷீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். 'என்னக்கா இது, எக்செல் மாதிரி இல்லையே' என்று அவன் குறைபட்டுக்கொண்டான். எனக்கு அதுதான் முறை என்று பட்டது. விருந்தாளியைத் தெருவிலேயே நிறுத்தி வைத்துச் சோறு போடுவதா? முதலில் வீட்டுக்குள் அழைத்து உட்கார வை, முகத்தைப் பார், அப்புறம் இலையைப் போடு.

என் கோப்பில் 'வரவு' என்று ஒரு ஷீட் சேர்த்தேன். நான்கு சந்துக்கு நான்கு பத்தி, வாரத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு செல்லிலும் விலுக்கப் என்ற தேடல் ஃபார்முலா. அண்ணாச்சி கோப்பின் முதல் பத்தியில் '8' எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே உள்ள தொகையைக் கொண்டு வா, அவ்வளவுதான். வீட்டு எண்ணைத் தேடாமல் ஆளின் பெயரைச் சொல்லித் தேடுவது. அவர் மேலே வரி சேர்த்தாலும் நடுவில் சேர்த்தாலும் எட்டாவது வாரம் எட்டாவது வாரம்தான். கோப்பு மூடியிருந்தாலும் விலுக்கப் வேலை செய்யும். நிபந்தனைக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப் செய்யாது, வேல்யூ பிழை காட்டும். அதைத் தெரியாமல் போட்டு அரை மணி நேரம் போனது. விலுக்கப்பின் கடைசியில் துல்லியமாகப் பொருந்த வேண்டும் என்பதற்கு ஒரு சைபர் போட வேண்டும். விட்டுவிட்டால் 'ஏறக்குறைய' என்று எதையாவது கொண்டுவந்து கொடுக்கும், அது இன்னொரு பஞ்சாயத்து. தேடியது கிடைக்கவில்லை என்றால் பிழை வரும், அந்த இடத்தில் பார் எழும்பாது. எனக்கு அதுவே போதும்.

அடியில் இன்னொரு வரி. நான் கொண்டுவந்த எண்களின் கூட்டல் ஒரு பக்கம். 'மொத்தம்' என்ற சொல்லைத் தேடி அவர்கள் கோப்பிலிருந்து எடுத்த தொகை இன்னொரு பக்கம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் செல் சிவப்பாகும். முதல் நாளே இட்லிக்காரச் சந்து சிவந்தது. வித்தியாசம் 4,500. பழைய பாக்கி. கேட்க வேண்டிய கேள்வியை அதுவாகவே கேட்டதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதற்கெனத் தனியாக ஒரு பாரும் போட்டேன். சார்ட் இப்போது வரவு ஷீட்டை மட்டும்தான் பார்க்கிறது. வேறு யார் வீட்டுக்கும் போவதில்லை.

இந்த வருஷம் எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டுக்கு மாற்றிவிட்டோம். நால்வரும் போனிலேயே எழுதுகிறார்கள், அடைப்புக்குறி 1 தொல்லை ஒழிந்தது. அங்கேயும் சார்ட் அதே கோப்பிலுள்ள செல்களைத்தான் எடுக்கும். இன்னொரு கோப்பிலிருந்து கொண்டுவர இம்போர்ட்ரேஞ்ச் என்ற ஃபார்முலா. முதல் தடவை அனுமதி கொடுக்கும் பட்டனை அழுத்தும் வரை ரெஃப் பிழையே காட்டும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று: இம்போர்ட்ரேஞ்சில் 'பி2 முதல் பி9' என்பதை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகக் கொடுக்கிறோம். எழுத்து நகராது. அண்ணாச்சி வரி சேர்த்தால் போன வருஷத்துக் கதையே திரும்ப நடக்கும். அதனால் இரண்டு பத்தியையும் முழுசாகக் கொண்டுவந்து ஒரு ஷீட்டில் கொட்டிவிட்டு, பழையபடி வாரத்தைச் சொல்லி விலுக்கப். புதுப்பிப்பதும் உடனே நடக்கும் என்று நம்ப வேண்டாம். கோப்பு திறந்திருந்தால் மணிக்கு ஒரு தடவை பார்க்கும் என்கிறது கூகுள். ஞாயிறு ஏழு மணிக்கு எல்லாரும் எழுதி முடித்தால் எட்டரைக்குத்தான் நான் பிரிண்ட் எடுக்கிறேன். தாளின் அடியில் எடுத்த நேரத்தையும் போடுகிறேன்.

போன வாரம் லோக்கலில் பாந்த்ராவைத் தாண்டும்போது போன் அடித்தது. அண்ணாச்சி.

"எம்மா, துபாய்ல இருந்து மருமவன் ரெண்டாயிரம் அனுப்பிருக்கான். எந்த வாரத்துலயும் சேராது. மேல ஒரு வரி சேத்துக்கிடட்டா?"

"சேத்துக்கிடுங்க அண்ணாச்சி."

"சீட்டுல பிரச்சன வராதுல்லா?"

"செவப்பா வரும். நான் போன் பண்ணிக் கேப்பேன்."

"கேளு, கேளு" என்று வைத்துவிட்டார்.